நந்தி மலையில் ஜப்பான் விமானம்

யுத்தம் முடிந்துவிட்டது. ஜெயித்தவர்களில் நான் இல்லை, தோற்றவர்களிலும் இல்லை. ஆனாலும் இந்த யுத்தத்தில் என்னைவிட அதிகமாக ஓடினவர் எந்த தேசத்துப் பட்டாளத்திலும் இருக்க மாட்டார் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு சின்னத் திருத்தம். நான் ஓடவில்லை. ஓடுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே இவ்வளவு மூச்சு வாங்கினவன் வேறு யாரும் கிடையாது என்று சொல்லட்டும், மறுக்க மாட்டேன்.

அந்த மூச்சு வாங்கலில் ஒரு நண்பரின் அடுப்பு அணைந்து போக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெங்களூர் தண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். தண்டு என்று நாங்கள் சொல்வது கண்டோன்மென்ட்டை. வெள்ளைக்காரப் பட்டாளத்தைச் சுற்றி முளைத்த பாதி ஊர். பட்டாளத்துக்குச் சட்டை தைக்க, சோறு வடிக்க, கணக்கு எழுத என்று வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே முக்கால்வாசிப் பேர். ரொட்டி சுட வந்தவர் ஒருவரின் மகன் என் நண்பர். பிளாக்பள்ளியில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அவருடைய பேக்கரி. உள்ளே ஒரு குடித்தனம் நடத்தலாம் போல அத்தனை பெரிய செங்கல் அடுப்பு. விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல் பிடித்து வைத்திருக்கிற சூட்டிலேயே ரொட்டியை வேகவிடுவார். அந்தச் சூடு அவர் அப்பா காலத்துச் சூடு. முழுக்க ஆறிப்போக விட மாட்டார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு விலக்கு உண்டு: ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. பெரிய வெள்ளிக்குச் சிலுவை பன், ஈஸ்டருக்குப் பழ ரொட்டி என்று ஊருக்கே சுட்டுப் போட்ட களைப்பில் அன்று அடுப்புக்கும் லீவு, அவருக்கும் லீவு.

சாயங்காலமானால் அந்த பேக்கரியின் மாவு மூட்டைகள்மேல் எங்கள் சபை கூடும். ரொட்டிக்காரரும் நானும் போக இன்னும் இருவர். ஒருவர் தெருமுனை டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். அவருடைய தாத்தா மைசூர் அரண்மனையில் ஏதோ உத்தியோகம் பார்த்தாராம். அதனால் பேரன் யாரையும் மதிப்பதில்லை. இன்னொருவர் துணிக்கடை பாய். தண்டு முழுக்க அவர் கடை ரேடியோதான் பெரியது. செய்தியை பாய் கொண்டுவருவார், அர்த்தத்தை நான் சொல்வேன். ஏதோ ஓர் ஊர் விழுந்துவிட்டதாம் என்று அவர் சொன்னால் போதும். அங்கே என்ன விளைகிறது, எந்த ஆறு ஓடுகிறது, அடுத்து எது விழும் என்று நான் அளந்து கொட்டுவேன். கம்பவுண்டர் ஒரு வார்த்தையும் நம்ப மாட்டார். பாய் பாதி நம்புவார். ரொட்டிக்காரர் முழுசாக நம்புவார். முழுசாக நம்புகிற ஒரே ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பேசுகிறவனுக்கு மூளை என்று ஒன்று தேவைப்படுவதில்லை.

உலக விவகாரம் ஒரு விசித்திரமான வஸ்து. தூரத்தில் இருக்கும்வரை பேச்சுக்கு ருசியாக இருக்கும். கிட்டே வர வர வயிற்றுக்கு ஆகாமல் போகும். போலந்து விழுந்த அன்று நான் அந்த மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பன் சாப்பிட்டேன். பாரிஸ் விழுந்த அன்று ஜாம் தடவிச் சாப்பிட்டேன், அந்த ஊருக்கு ஒரு மரியாதையாக. சிங்கப்பூர் விழுந்த அன்று டீயோடு நிறுத்திக்கொண்டேன். ரங்கூன் விழுந்த அன்று அதுவும் இறங்கவில்லை. உலகத்தில் நியாயம் எந்தப் பக்கம், வெள்ளைக்காரன் போனால் நமக்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் ஊரே தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நானும் யோசித்தேன். ஆனால் என் யோசனை எப்போதும் நியாயத்தில் ஆரம்பித்து, கட்டிலுக்கு அடியில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதில் போய் முடிந்தது.

வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடத்தின் பழைய உலகப் படம் ஒன்றை மாட்டியிருந்தேன். ஜப்பான்காரன் பிடித்த ஊர்களில் எல்லாம் என் மனைவியின் தையல் குண்டூசிகளைக் குத்தி வைத்திருந்தேன். ஒருநாள் அவள் ரவிக்கைத் துணியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, குண்டூசி ஒண்ணுகூட இல்ல. அவன் பிடிச்ச ஊரெல்லாம் இருக்கட்டும். பிடிக்கப் போறான்னு நீங்களா குத்தி வச்சிருக்கீங்களே, அந்த ஊருங்களையாவது விட்டுக் குடுங்க."

கல்கத்தாவையும் கொழும்பையும் விட்டுக் கொடுத்தேன். சென்னையைக் கொடுக்கவில்லை. படத்தில் ரங்கூனுக்கும் பெங்களூருக்கும் நடுவே என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரல் முழுசாகக் கொள்ளவில்லை. நகம் ரங்கூனில் இருந்தால் கணு எங்கள் தெருவைத் தாண்டியது. வியர்த்துவிட்டது. படத்தில் ஓர் அங்குலம் என்றால் நிலத்தில் எத்தனை மைல் என்று பத்து வருஷமாகப் பிள்ளைகளின் காதைத் திருகிச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் நான். அன்றைக்கு என் காதைத் திருக யாரும் இல்லை. கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் தன் விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"அதே விரலை இந்தப் பக்கம் போட்டா லண்டன் நாலு விரல்தான் வரும் வாத்தியாரே. ராத்திரி சாப்பாட்டுக்குக் கிளம்பினா நடந்தே போயிடலாம்."

இந்த நிலையில்தான் என்னை எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டனாக, அதாவது விமானத் தாக்குதல் காவல்காரனாகப் போட்டார்கள். விமானம் வந்தால் ஊதுவதற்கு ஒரு விசில், கைக்குக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, அதோடு ஒரு நாள் பாடம். குண்டு விழும்போது குப்புறப் படுக்க வேண்டும். அதிர்ச்சியில் பல் மோதிக்கொள்ளாமல் இருக்க வாயில் ஒரு கார்க்கையோ ரப்பர் துண்டையோ கடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் நேரே டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரிடம் ஒரு கார்க் வாங்கினேன். விளக்கெண்ணெய் சீசாவின் கார்க் அது. வேண்டுமென்றேதான் கொடுத்தார். அதில் ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கயிறு உண்டு. முதல் நற்கருணை வாங்கிய நாள் முதல் கிடக்கிற உத்தரியம், மாதா படம் தைத்த சின்னத் துணித்துண்டு. கார்க்கையும் அதே கயிற்றிலேயே கோத்துவிட்டேன். ஆத்துமாவுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று. அன்று முதல் சாயங்கால ஜெபத்தில் நான் கண்ணை மூடி பக்தியாக எடுத்து முத்தம் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் விளக்கெண்ணெய்க்குத்தான்.

பேக்கரியிலேயே ஒத்திகை வைத்தேன். விசில் ஊதியதும் எல்லோரும் தரையில் குப்புற விழ வேண்டும். ரொட்டிக்காரர் விழுந்தார். கம்பவுண்டர், "சரி, ஒரு தடவை" என்று விழுந்தார். எழுந்தபோது இருவரும் பன்னுக்கு உருட்டி வைத்த மாவு போல இருந்தார்கள். பாய் மட்டும் மூட்டையை விட்டு அசையவில்லை.

"ஷெர்வானி போட்டிருக்கேன் சாப். குண்டு போடறவனுக்குச் சொல்லியனுப்புங்க, பெரிய மனுஷன் இருக்கார்னு."

சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பில்தான் நான் அதைச் சொன்னேன். அடுப்பைத் திறந்து தணலை வாரும்போது புகைக்கூண்டு வழியாக மேலே ஒரு சிவப்பு தெரியும், விடியற்காலை இருட்டில் ஊர் முழுக்க விளக்கை மூடிவைத்தாலும் ஜப்பான்காரனுக்கு இது ஒன்று போதும், முதல் குண்டு நேரே இந்தக் கூண்டுக்குள்தான் விழும் என்றேன். சொன்னதும் பயத்தில் எனக்கே உடம்பு சில்லிட்டது. என்ன அருமையாகச் சொன்னோம் என்று உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. ரொட்டிக்காரர் சிரிப்பதை நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை.

ஈஸ்டர் திங்களில் நாங்கள் நால்வரும் நந்தி மலைக்குப் போவதாக ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது உல்லாசப் பயணம். எனக்கு அந்தரங்கமாக ஒரு திட்டம் இருந்தது: மலையில் குடும்பத்தோடு பதுங்க நல்ல குகை இருக்கிறதா என்று பார்த்துவைப்பது. அதற்கு முந்தின நாள், ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம், பாயின் ரேடியோ கொழும்பில் குண்டு விழுந்ததாகச் சொன்னது. என் மனைவிக்கு நான் விட்டுக் கொடுத்த குண்டூசி. திருப்பிக் கேட்டேன். ரவிக்கையில் குத்தியிருக்கிறது, வேண்டுமானால் கொழும்பைக் கொண்டுவந்து இங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் ரொட்டிக்காரர் ஒரு கூடை பழ ரொட்டியோடு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். அடுப்பு அணைந்த நாளில் அவர் முகம் எப்போதும் பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி இருக்கும். அன்று அப்படி இல்லை. அரைஞாணில் பேக்கரிச் சாவி தொங்கியது.

"ஊர்ல திருடனா சுத்தறான்? சாவியை ஏன்யா மலைக்குத் தூக்கிட்டு வர்றீர்?" என்றார் கம்பவுண்டர்.

"இன்னிக்கு ஒருநாள் எங்கிட்டயே இருக்கட்டும்னுதான். நாளைக்குக் காலையில கைமாறுது. கடையைக் குடுத்துட்டேன்."

 அவரே மெதுவாகச் சொன்னார்.

"என் ஒருத்தன் உயிருன்னா பரவாயில்லீங்க. பக்கத்துல கோயில் இருக்கு. சந்து பூரா குழந்தைங்க. என் கூண்டைப் பார்த்துட்டு குண்டு போட்டான்னா அந்தப் பாவம் யாருக்கு? வாத்தியார் சொன்ன அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல. நல்ல வேளையா ஒருத்தர் கேட்டார். மெட்ராஸ்காரர். அங்க குண்டு விழும்னு பயந்து குடும்பத்தோட வந்திருக்கார். பெங்களூர்தான் பத்திரம்னு யாரோ சொன்னாங்களாம். அடுப்பு வேணாமாம், இடிச்சுட்டு மளிகைக் கடை வைக்கறாராம்."

பாய் என்னைப் பார்த்தார். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸைப் பார்த்தேன். பயந்து ஓடி வந்தவர் வாங்குகிறார், பயந்து அடுப்பை அணைக்கிறவர் விற்கிறார், இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு பூகோள வாத்தியார். அந்த நிமிஷமே வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் கொழும்பு. நிஜமாகவே வந்துவிட்டால்? என் வாய் மூடியே இருந்தது. அது மூடியிருப்பது நண்பர்களுக்குப் புதுசு.

பஸ் கரிவாயுவில் ஓடுகிற பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் வண்டியின் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து அந்த ஆவியில் ஓட்டினார்கள். சமதரையில் ஓடும். மேடு வந்தால் முனகும். தேவனஹள்ளி தாண்டி ஒரு மேட்டில் நின்றே விட்டது. கண்டக்டர் கதவைத் திறந்து, "இளீரி ஸ்வாமி, இளீரி, தள்ரி" என்றார். இறங்கித் தள்ளினோம். அவர் உள்ளேயே நின்று எங்களை உற்சாகப்படுத்தினார்.

"டிக்கெட் நாம வாங்கினோமா, பஸ் வாங்கிச்சா?" என்றார் கம்பவுண்டர், தோளை முட்டுக் கொடுத்தபடி.

ரொட்டிக்காரர் பீப்பாயின் அடியில் தெரிந்த தணலையே பார்த்துக்கொண்டு தள்ளினார். "இதுவும் அடுப்புதான். ரோட்டுல திறந்தவெளியில ஓடுது. இதுக்கு யாரும் குண்டு போட மாட்டானா வாத்தியாரே?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் அப்படித்தான், அதனால்தான் அது அவ்வளவு குத்தியது. "ஓடற வண்டியைக் குறி பார்க்கறது கஷ்டம்" என்றேன். சொல்லும்போது வண்டி ஓடவில்லை, நாங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

மலைப் படிகளில் ஏறும்போது எல்லோருக்கும் கலகலப்பு திரும்பிவிட்டது. காற்று அப்படி. பாய் படிக்கு ஒரு தரம் நின்று, மலைமேல் கோட்டை கட்டிய திப்பு சுல்தானைத் திட்டினார். குதிரை இருந்ததால் அவர் படியைப் பற்றி யோசிக்கவில்லையாம். ஒரு குரங்கு கூடையிலிருந்து பழ ரொட்டி ஒன்றை எடுத்து, மோந்து பார்த்து, திராட்சையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைக் கம்பவுண்டர்மேல் எறிந்தது. "உம்ம வாடிக்கைக்காரன்தான்யா இதுவும், குறை சொல்லுது பாரும்" என்றார் அவர். ரொட்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் மட்டும் குகை தேடினேன். ஒன்று கிடைத்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடமில்லை என்பது போலக் கையசைத்தார். எனக்கு முன்னால் யாரோ வார்டன் வந்து போயிருக்க வேண்டும்.

உச்சியில் ஒரு பாறையோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாய் வீட்டு பிரியாணி. இறைச்சி தொடாத தவசு காலம் முடிந்த மறுநாள், நானும் ரொட்டிக்காரரும் நாற்பது நாள் ஆசையை அதில் தீர்த்துக்கொண்டோம். கம்பவுண்டர் தன் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே பிரியாணியின் ஆவியை மட்டும் எங்களோடு பங்கு போட்டுக்கொண்டார். கீழே ஏரியும் வயலுமாக பூமி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடந்தது. எங்கெங்கோ புகை எழுந்தது. செங்கல் சூளையோ, சருகோ, யார் வீட்டு அடுப்போ.

ரொட்டிக்காரர் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தார்.

"பெங்களூர் எங்க இருக்கு வாத்தியாரே?"

காட்டினேன். அங்கே ஒரு நீல மங்கல்தான் இருந்தது. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன். தண்டு, சிட்டி, கோயில், பட்டாளம், என் வீடு, என் பயம் எல்லாமே நகத்துக்குள் மறைந்துவிட்டது. வீட்டுச் சுவரில் என்னை வியர்க்க வைத்த அதே விரல்.

"என் கூண்டு இங்கேருந்து தெரியாது, இல்ல?" என்றார்.

"கூண்டா? ஊரே தெரியலையே."

"அப்ப அதைவிட மேல வர்றவனுக்கு..." என்று அவர் ஆரம்பித்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ம்ம்ம் என்று ஒரே சுருதியில் ஒரு முழக்கம். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நெருங்கி வந்தது. பள்ளத்தாக்கு அதை இரட்டித்துக் கொடுத்தது. எனக்கு மேலே பார்க்கத் தேவைப்படவில்லை. விசிலை ஊதினேன். "ஏர் ரெய்ட், படுங்க" என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். வெறும் காற்றுதான் வந்தது என்கிறார்கள் மற்றவர்கள். ஒத்திகை வீண்போகவில்லை. ரொட்டிக்காரர் உண்ணிச்செடிப் புதருக்குள் தலையைக் கொடுத்துக் குப்புற விழுந்தார். கம்பவுண்டர் புளிச்சோற்றுப் பாத்திரத்தின்மேல் விழுந்து வேட்டியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் கழுத்துக் கயிற்றை இழுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு பாறையில் ஒட்டினேன். தலைக்குமேல் ஒரு நிழல் போயிற்று. முழக்கம் முதுகெலும்பு வழியாக இறங்கியது. "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தேன், வாய் அடைத்திருந்ததால் அது அம்ம்ம் என்று விமானத்தோடு சுருதி சேர்ந்தது. அடுத்த கணம் வலது காதில் குண்டு விழுந்தது. காதில்தான். வேறெங்கும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். எதிரே பாய் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே இருந்தார். சால்வையால் தன்னையும் பிரியாணிச் சட்டியையும் மூடிக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டியிருந்தார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். கறுப்பாக ஒரு மேகம், நீண்டு சுருங்கி, பள்ளத்தாக்கின்மேல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. மலைத்தேனீ. கூடு மாற்றிப் போகிற கூட்டம். வழியில் என்னை மட்டும் விசாரித்துவிட்டுப் போயிருந்தது.

வாயில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். கார்க் இல்லை, உத்தரியத்தைக் கடித்திருக்கிறேன். மாதா படத்தில் என் பல் வரிசை பதிந்திருந்தது.

புதருக்குள்ளிருந்து ரொட்டிக்காரரின் குரல் வந்தது. "வாத்தியாரே, போயிடுச்சா? எத்தனை விமானம்?"

கம்பவுண்டர் வேட்டிக்குள்ளிருந்து ஒரு கண்ணைக் காட்டினார். அவர் கைமேலேயே ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சொல்வார் என்று காத்தேன். சொல்லவில்லை. பாய் என் பக்கம் திரும்பி புருவத்தை உயர்த்தினார்.

"அர்த்தம் சொல்றது உங்க டிபார்ட்மென்ட் சாப்" என்றார் தணிந்த குரலில்.

எத்தனை விமானம் என்று கேட்கிறார். மூன்று என்று சொன்னால் போதும். ஜப்பான் விமானத்தைக் கண்ணால் பார்த்த முதல் வாத்தியார் நான்தான். பிளாக்பள்ளி முழுக்க எனக்கு டீ வாங்கிக் கொடுக்கும், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரே நாற்காலி போடுவார். என் பயத்துக்கும் ஒரு கௌரவம் கிடைத்துவிடும். இத்தனை நாள் நடுங்கினதெல்லாம் தீர்க்கதரிசனம் என்று ஆகிவிடும். நாளைக்குக் காலையில் அந்தச் சாவி போய்விடும், அவ்வளவுதான். புதருக்கு வெளியே ரொட்டிக்காரரின் கால்கள் தெரிந்தன. வெள்ளைச் செருப்பு, கறுப்புச் செருப்புதான், வருஷக்கணக்கான மாவில் வெளுத்தது. 

"தேனீங்க" என்றேன்.

"என்னது?"

"விமானம் இல்ல. தேனீ. கூட்டமா போச்சு."

புதர் அசையவில்லை. பிறகு மெல்லப் பின்வாங்கி வெளியே வந்தார். தலையெல்லாம் உண்ணிப்பூ. என் காதைப் பார்த்தார். அது அதற்குள் அப்பம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்த உத்தரியத்தையும் அதில் இருந்த பல் தடத்தையும் பார்த்தார். கம்பவுண்டர்தான் முதலில் சிரித்தார், வயிற்றில் ஒட்டியிருந்த புளிச்சோறு உதிர உதிர. பாய் சால்வைக்குள்ளேயே குலுங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன், காது வலிக்க வலிக்கச் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க வலித்தது. ரொட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப என் கூண்டு? முதல் குண்டு அதுக்குள்ளதான் விழும்னு சொன்னீங்களே?"



"அதுவும் தேனீதான்" என்றேன்.

அவர் தலையிலிருந்த உண்ணிப்பூவைத் தட்டிவிட்டார். கூடையை எடுத்துக்கொண்டார். இறங்கும் வழியெல்லாம் கம்பவுண்டர் எனக்கு உத்தியோகப் பட்டங்கள் சூட்டிக்கொண்டே வந்தார். தேனீ வார்டன் என்பதுதான் அதில் மரியாதையானது. பஸ்ஸில் ரொட்டிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து அரைஞாண் சாவியை விரலால் உருட்டிக்கொண்டே வந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் என் மனைவி காதுக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டாள். "எந்த ஊரைப் பிடிச்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாய் கடை திறக்கும் முன்பே ரேடியோவைத் திறந்துவிட்டார். விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்திருந்தது. கொழும்பு போல கடல் தாண்டின ஊர் இல்லை அது. நம் கரையிலேயே இருக்கிற ஊர். என் வயிறு பழையபடி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நேற்று தேனீ என்று சொன்னேனே, அது தேனீயாகவே இருந்தாலும் நாளைக்கு வருவது என்னவோ? காதைப் பிடித்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன். முதல் தடவையாக நிஜமாகவே ஓடினேன். என் மனைவி சொல்வதில் அந்த ஒரு ஓட்டம் சரி.

சந்து திரும்பியதும் கூண்டைப் பார்த்தேன். புகை போய்க்கொண்டிருந்தது, கறுப்பாக, தாராளமாக, யாரையும் பற்றிக் கவலைப்படாமல்.

உள்ளே அடுப்பு ஆறிப்போயிருந்ததால் இரட்டை விறகு போட்டு எரித்துக்கொண்டிருந்தார் ரொட்டிக்காரர். கம்பவுண்டர் ஏற்கெனவே மூட்டைமேல். பாயும் என் பின்னாலேயே வந்துவிட்டார். கல்லாவுக்கு முன்னால் கோட்டும் குடையுமாக ஒருவர் நின்றிருந்தார், முகத்தில் தூக்கமே இல்லாமல். சாவிக்காக வந்த மெட்ராஸ்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க. குடுக்கறதா இல்ல" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் ரொட்டிக்காரர். "சொல்லிட்டு மாத்தறது தப்புதான். பக்கத்துத் தெருவுல நல்ல கடை ஒண்ணு காலியா இருக்கு, நானே கூட வந்து பேசி முடிக்கறேன்."

மெட்ராஸ்காரருக்குக் கடையைப் பற்றிய கவலை அப்போது இல்லை. "விசாகப்பட்டினம் கேட்டேளா? இந்த ஊர் பத்திரம்தானா சார்? குழந்தை குட்டியோட வந்துட்டேன். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலை."

ரொட்டிக்காரரின் கை நீண்ட மரத்துடுப்போடு அப்படியே நின்றது. பழக்கதோஷத்தில் அவர் தலை என் பக்கம் திரும்பியது. பாய் திரும்பினார். கம்பவுண்டர் திரும்பினார். அதைப் பார்த்து மெட்ராஸ்காரரும் திரும்பினார். "சாருக்குத் தெரியுமா?"

தெரியும். விசாகப்பட்டினத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே என் படத்தில் அரை விரல்கூட இல்லை. துறைமுகம் முடிந்தால் அடுத்தது பட்டாளம் இருக்கிற ஊர். புகைக்கூண்டு. நிலா எந்த நாளில் முழுசாகும். எல்லாம் வரிசையாக நாக்கின் நுனியில் வந்து நின்று, சொல்லு, சொல்லு என்றன. எனக்குள் பயம் குறையவே இல்லை. அது ஒரு சுற்று பெருத்திருந்தது.

கழுத்துக் கயிற்றை இழுத்தேன். இந்தத் தடவை பார்த்து எடுத்தேன். உத்தரியத்தைச் சட்டைக்குள் போட்டுவிட்டு, கார்க்கை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். விளக்கெண்ணெய் குமட்டியது.

மெட்ராஸ்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"பத்திரம்தான் சார்" என்றார் கம்பவுண்டர் அவரிடம். "இவர் வாயைத் திறக்கலைன்னா ஊருக்கு ஒண்ணும் ஆகாது. போய் காப்பி சாப்பிட்டுட்டு வாங்க."

ரொட்டிக்காரர் அப்போதுதான் சிரித்தார். முந்தின நாள் மலையில் பாக்கி வைத்திருந்ததையும் சேர்த்து, துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தணலை வாரி வெளியே தள்ளினார். சூடு நேரே என் முகத்தில் அடித்தது. முதல் ஈடு உள்ளே போய் வெந்து, பன் வாசனை சந்துக்குப் பரவி, அவர் சூடாக ஒன்றை என் மடியில் போடும்வரை நான் கார்க்கை எடுக்கவில்லை.